அக்காவின் வாந்தி

மகாபலிபுரம் பஸ்ஸில் முன்சீட்டு மெக்கானிக் தன் மைத்துனனிடம் சொன்னார்: "என் வேலைய காப்பாத்துனது உங்க அக்கா வாந்திதான், மச்சான்."

"இன்னா மாமா சொல்ற?"

"முதலாளியோட பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள்ள பெட்ரோல் நாத்தம். சரி பண்ணு, இல்லன்னா வேலைய வுட்டுப் போன்னுட்டாரு. பெட்ரோல்லயே கெடக்கிற என் மூக்குக்கு ஒண்ணும் புரியல. அவ மாசமா கீறாளே, லேசான நாத்தமும் தாங்காது; கூட்டியாந்து உள்ள உக்கார வச்சேன்."

"அடப்பாவி!"

"சீட்டுக்குப் பின்னால திரும்புனா. ஒடனே வாந்தி. அங்க பிரிச்சா, டாங்குக்குப் போற ரப்பர் குழாயில மயிரிழை வெடிப்பு!"

மைத்துனன் வாய் பிளந்தான்.

"குழாய மாத்துனேன். முதலாளி நம்பல. காரோட மடக்குற மேல்துணிய காத்து போவாம மூடி, அவள ஏத்திகினு படாளம் வரைக்கும் போய் வான்னாரு."

"அக்கா?"

"போற வழியிலயே நிம்மதியா தூங்கிட்டா, மச்சான்."