கீழூர்த் தண்ணீர்

ராத்திரி மணி இரண்டு பத்து. ஊத்துக்குளிக்குத் தெற்கே, நொய்யலை ஒட்டிப் போகும் மண்பாதை. விளக்கை அணைத்துவிட்டு ஒரு டேங்கர் லாரி மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது... ஓட்டியவர் என் நண்பன் குகனின் சித்தப்பா நல்லான். அவருக்கு மரியாதை ஒரு கேடா? குகன் கோபித்தாலும் சரி, அவன் என்றே சொல்வோம்.

லாரி நிறைய சாயப்பட்டறைக் கழிவு. வெள்ளியங்கிரியில் பிறக்கிற ஆறு கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கிழக்கே போய்க் காவிரியில் சேர்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் தன் ஊரைத் தாண்டி, இரண்டு மைல் கிழக்கே போய் வால்வைத் திறப்பான். தன் கிணறு தப்பிக்கும். தன் பாப்பா நல்ல தண்ணீர் குடிப்பாள். கீழூர்க்காரன் எக்கேடு கெட்டால் என்ன... சொல்லச் சொல்ல வயிறு எரிகிறது.

அன்று மேற்கே மழை. மழைத் தண்ணீரோடு விட்டால் யாருக்கும் தெரியாது என்று முதலாளி அனுப்பியிருந்தார். நல்லான் வால்வைத் திருகினான். குபுகுபுவென்று நீலச் சாயம்... மூக்கைப் பொசுக்கும் நெடி.

கீழே யாரோ இருமினார்கள்.

முழங்கால் தண்ணீரில் ஒரு பெரியவர். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். பிறகு நிமிர்ந்து, மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஏனுங்க, உங்கூட்டுல யாரும் இதைக் குடிச்சுப் பாத்ததில்லீங்களா?"

நல்லான் டார்ச்சை அடித்தான். ஆள் இல்லை... நுரை மட்டும் இருந்தது. அது கிழக்கே போகவில்லை. மேற்கே, ஏற்றத்தில், அவன் ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

வால்வை மூடக்கூடத் தோன்றாமல் லாரியை விரட்டினான். வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்கு ஓடினான். இறைத்துப் பார்த்தால்... தெளிந்த தண்ணீர். குடித்தும் பார்த்தான், அதே பழைய ருசி. அப்பாடா என்று உள்ளே போனான்.

அவன் மனைவி ஆயம்மாள் விழித்திருந்தாள். யாரோ வந்து போனதாகச் சொன்னாள்.

"கீழூருங்களாம், உங்க சிநேகிதருன்னாரு. உங்கூட்டுக்குன்னு ஒரு சொம்பு தண்ணி குடுத்துட்டு இப்பத்தான் போறாருங்க. பாப்பா தாகமுன்னு அழுதா... அதையே குடுத்தனுங்க."

பாப்பா பாயில் அசையாமல் கிடந்தாள். நல்லான் விளக்கைப் போட்டான். கடைவாயில் நீலமாக ஒரு கோடு... வழிந்து, தலையணை நனைந்து, இன்னும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.