நேரில் பார்த்து எழுதியது

நான் சத்தமாகப் பேச மாட்டேன், மேடம். நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டால் உங்களுக்கும் சிரமம் இருக்காது. டீ ஆறிவிட்டது, பரவாயில்லை. நான் ஆறின டீதான் குடிப்பேன்.

ஷர்லி சிஸ்டரின் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள் என்று இணையத்தில் போட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான் போட்டேன். பிரசாந்த் அண்ணனுக்கு இதில் சம்பந்தம் இல்லை. நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டர் அவருடையது, கம்ப்யூட்டர் அவருடையது, அவ்வளவுதான். அவரை ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவருக்கு மூலம், வெகுநேரம் உட்கார முடியாது. அனுப்பிவிடலாம்.

தேடுபொறியில் கண்டவர்களும் எப்படிக் கை வைக்க முடியும் என்றீர்கள். முடியாதுதான். ஆனால் அது ஒரு இயந்திரம். திருமயத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் எந்த மாவு மில் ஓடுகிறது, எந்த டெய்லர் கடையைக் காலி செய்துவிட்டார் என்று அதற்கு எப்படித் தெரியும்? மனிதர்கள் பார்த்து எழுதி வைத்திருக்கும் டைரக்டரிகளிலிருந்து அது எடுத்துக்கொள்ளும். நம் மாவட்டத்துக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டையில் கோபிநாத் சார் அதை நடத்துகிறார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எடிட்டர். சம்பளம் கிடையாது. இந்தச் சுற்றுவட்டாரத்துக்கு நான்.

நாங்கள் எழுதியதை இயந்திரம் உடனே எடுக்காது. எப்போதாவது வரும், அப்போது இருப்பதை அள்ளிக்கொண்டு போகும். அடுத்த முறை வரும்வரை அந்தப் பழைய பிரதியைத்தான் உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும். எப்போது வரும் என்று கோபிநாத் சாருக்கும் தெரியாது. நாம் இங்கே திருத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது அது ஒன்றுதான்.

பிடித்தது, சார் வைத்திருந்த விதி. எந்த இடத்தைப் பற்றி எழுதினாலும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிவின் அடியிலும் ‘நேரில் பார்த்து எழுதியது’ என்று தானாக விழும். எழுதியவர் பெயர் விழாது. நான் சைக்கிளில் போய், தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவேன். ஒரு இடத்துக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. விலக்கு ரோட்டுப் பஞ்சர் கடைக்கு, ‘மழை பெய்தாலும் ஆள் இருப்பார், காற்று மட்டும் நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும்’ என்று எழுதினேன். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் யாரோ வெளியூர்க்காரர் அதைப் போனில் வாசித்துவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்பு. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்தை விட்டு ஏன் நின்றாய் என்று கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒன்பதாவதில் ஒருத்தி என் நோட்டைப் பிடுங்கி வகுப்பில் சத்தமாக வாசித்தாள். மறுநாள் வயிற்றுவலி என்றேன். அதற்கு அடுத்த நாளும் சொன்னேன். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

ஷர்லி சிஸ்டரை எனக்குப் பிடிக்கும். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் சாயங்காலம்தான் வருவார். ஆனால் ஆக்சிஜன், ஊசி மருந்து எல்லாம் அங்கே எப்போதும் உண்டு, சிஸ்டரும் மாடியிலேயே குடியிருக்கிறார். ஆத்தாவுக்கு டைபாய்டு வந்தபோது காசு வாங்காமல் பார்த்தார். அந்த ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிய வரி இது: ‘முக்கில் பச்சைக் கட்டிடம். எந்த நேரம் போனாலும் சிஸ்டர் முதலில் தண்ணீர் கொடுப்பார், பிறகுதான் பெயர் கேட்பார்.’ நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.

ஒரு நாள் அவர் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் எடுக்க நாலைந்து பேர் நின்றார்கள்.

“பிரசாந்து, போன்ல தேடுனா நம்ம ஆஸ்பத்திரிக்குக் கீழ என்னமோ கதை மாதிரி வருதே, யாருப்பா எழுதுனது?” என்று கேட்டு, இழுத்து இழுத்து வாசித்தார். “மொதல்ல தண்ணி குடுப்பாங்களாம், பெறகுதான் பேரு கேப்பாங்களாம்! ஆஸ்பத்திரியா, தண்ணிப் பந்தலா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“நம்ம இசைவாணிதான் சிஸ்டர்” என்றார் பிரசாந்த் அண்ணன். “ஒம்பதாவதோட நின்ன புள்ள. ஆனா எழுத்துன்னா உசுரு.”

“அடியே, நீயா? வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்ட, இங்கிட்டு இம்புட்டு எழுதி வச்சிருக்க! கோவிச்சுக்காதடி தங்கம். எமர்ஜென்சி, லேப், ஆக்சிஜன்னு இங்கிலீஷ்ல போட்டு விடு. அப்பத்தான நாலு பேரு வருவாக.” என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே மாற்றினேன். அவர் சொன்ன இங்கிலீஷ் வார்த்தைகளை அப்படியே போட்டேன். என் பக்கத்தில் வேலை முடிந்தது. தேடுபொறி எடுக்கவில்லை. அடுத்த வாரம் சிஸ்டர் வந்தார். “என்னடி, இன்னும் தண்ணிப் பந்தல்தான் வருது?” என்று மறுபடியும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நான் மாற்றிவிட்டேன், அவர்கள்தான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பெரிய விஷயமில்லை. எனக்கு வாய் வரவில்லை. அதற்கடுத்தும் வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரே வரி, அதே இழுவை. பிறகு கடைக்கு வரும் பையன்கள் என்னைத் ‘தண்ணிப் பந்தல்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். “தண்ணிப் பந்தல், ஒரு கலர் பிரிண்ட்டு.” பிரசாந்த் அண்ணனும் ஒரு முறை வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டார்.

தினமும் காலையில் கடை திறந்ததும் தேடிப் பார்ப்பேன். அந்த வரி அங்கேயே உட்கார்ந்திருக்கும். நான் அழித்த வரி, மேடம். என் கையால் அழித்தேன். அது போகமாட்டேன் என்றது.

பெரிய வெள்ளியன்று சைக்கிளில் போய் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்தேன். முன்பக்க ஷட்டர் பூட்டியிருந்தது. பக்கவாட்டுக் கேட் திறந்திருந்தது. அவசரத்துக்கு வருகிறவர்களுக்கு அது எப்போதும் திறந்திருக்கும். அதையும் பார்த்தேன். டைரக்டரியில் ஒரு இடத்தின் நிலைமையைச் சொல்ல இரண்டே வட்டங்கள்தான் உண்டு. ஒன்று ‘இயங்குகிறது’, இன்னொன்று ‘நிரந்தரமாக மூடப்பட்டது’. பக்கவாட்டுக் கேட்டைப் பற்றிச் சொல்ல இடம் இல்லை. நான் இரண்டாவதைத் தொட்டேன். வரி மாறியதை எடுக்காதவர்கள் மூடியதையாவது சீக்கிரம் எடுப்பார்கள் என்று நினைத்தேன். மூடிய இடத்துக்கு விவரம் காட்ட மாட்டார்கள். அந்த வரி போய்விடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் அனுப்பியது எதுவும் இதுவரை தப்பாக இருந்ததில்லை என்பதால் கோபிநாத் சார் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். கீழே ‘நேரில் பார்த்து எழுதியது’ என்று விழுந்தது. அதில் பொய் இல்லை.

வரி போனதும் திரும்ப ‘இயங்குகிறது’ என்று மாற்றிவிடுவதாக இருந்தேன். ஆனால் வழக்கம்போல அவர்கள் வரவில்லை. காலையில் பார்ப்பேன், பழைய வரியே இருக்கும். சரி, இதையும் எடுக்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

பேனாவை மூடிவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உங்களுக்கு வந்த ஆஸ்பத்திரிப் புகாருக்கு இது தேவைப்படுமா என்று தெரியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் சொல் என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பிரசாந்த் அண்ணன் டோனர் வாங்கத் திருமயம் போயிருந்தார். உச்சி வெயில், ரோட்டில் ஒரு ஆள் இல்லை. ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அவன் அம்மாவைத் தன் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தான். குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆட்கள், வேலி அடைக்கப் பனைமட்டை எடுக்க வந்தவர்கள். அந்த அம்மாவின் முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது.

“கதண்டு கொட்டிருச்சு தங்கச்சி. மட்டைய இழுத்தோம், கூடு கலஞ்சு மொச்சுருச்சு. இங்கிட்டு ஆஸ்பத்திரி எங்கிட்டு இருக்கு?”

அந்த அம்மா தண்ணீர் என்று கை காட்டினார். பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். பெயரும் கேட்டேன். அந்நிய ஆளிடம் நானாக எதுவும் கேட்டதில்லை, அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது. பொன்னுத்தாய் என்றார். சொல்லும்போதே நெஞ்சுக்குள் விசில் மாதிரிச் சத்தம் வந்தது. குடித்த தண்ணீர் வாயோரம் வழிந்துவிட்டது.

அவன் அதற்குள் போனில் தேடிவிட்டான். “இந்தா, பக்கத்துலயே ஒண்ணு காட்டுதே” என்றான். உடனே, “அட, மூடிட்டாகன்னு போட்டிருக்கு” என்று என் பக்கம் போனைத் திருப்பினான்.

அன்று காலை வேலை அதிகம், நான் தேடிப் பார்த்திருக்கவில்லை. இயந்திரம் வந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது, அதன் கீழே ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று சிவப்பில் இருந்தது. தண்ணீர் வரி இல்லை. எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னேன். யாரோ என் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

“தங்கச்சி, நெசமாவே மூடிட்டாகளா?” என்று கேட்டான்.

அவர்கள் திருமயத்தை நோக்கிப் போனார்கள். போய்ச் சேரவில்லை. பிரசாந்த் அண்ணன் திரும்பி வரும்போது வழியில் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். “பாவம், அந்தப் பய ரோட்டுல உக்காந்து கத்துறான். நம்ம சிஸ்டர்ட்ட ஒரு ஊசி போட்டிருந்தா பொழச்சிருக்கும். ஏன் அங்கிட்டுப் போனானோ தெரியல” என்று சொல்லிக்கொண்டே டோனரை மாட்டினார். நான் பேப்பரை அடுக்கிக் கொடுத்தேன்.

அவனிடம் என்ன பதில் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். நான் வாய் திறக்கவில்லை. இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் கூச்ச சுபாவம். தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். நான் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் வழியாகப் பச்சைக் கட்டிடத்தின் மாடி தெரியும். சிஸ்டர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் கொடுத்தால் கேட்டிருக்கும்.

ஆனால் என் தப்பை நான் அப்படியே விட்டுவிடவில்லை. அன்று சாயங்காலமே ‘இயங்குகிறது’ என்று மாற்றினேன். இங்கிலீஷை எடுத்துவிட்டு, தண்ணீர் கொடுக்கிற பழைய வரியையே திரும்பப் போட்டேன். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான வரி. இன்னும் அவர்கள் எடுக்கவில்லை. மூடியதை எடுத்துக்கொண்டு போகத் தெரிகிறது, திறந்ததை எடுக்க வரத் தெரியவில்லை. தினமும் பார்த்துப் பார்த்து எரிச்சலாக வருகிறது. பொன்னுத்தாய் விஷயத்தில் யாரையாவது கேட்க வேண்டுமென்றால் அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்கள், மேடம். என் வரி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.