அந்த ஒரு பிரிண்ட் வரி

ஆவடி மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு ஐ.டி. இளைஞர்கள். ஒருவன் கழுத்தில் மட்டும் கம்பெனி அட்டை. அட்டை இல்லாதவன் சொன்னான்:

"செத்துப்போன திரெட்டுக்காகக் காத்துகினு கீது, மச்சான்."

"எது?"

"எங்க புரோகிராம ஓட்டற இன்டர்பிரட்டர்தான். உள்ள ஓடற ஒரு திரெட் தன் வேலைய முடிச்சு செத்தாலும், 'ஓடுது'ன்னு கீற அதோட ஸ்டேட் அழியல. இன்னும் உயிரோட கீதுன்னு நெனச்சு அப்டியே நின்னுடுது. சோதனைக்குன்னு கோடுக்கு நடுவுல ஒரு பிரிண்ட் வரி போட்டா மட்டும் ஒழுங்கா ஓடுது. ஏன்னு கண்டுபுடிக்கறதுக்குள்ள என்னை வேலைய வுட்டே தூக்கிட்டாங்க."

"வரி கீதுல்ல, ஓடட்டும் வுடு."

"கெளம்பறப்போ, சோதனைக்குப் போட்ட வரியெல்லாம் எடுத்துட்டுப் போன்னாரு மேனேஜர். எடுத்தா நின்னுடும் சார்னேன். தலையக்கூடத் தூக்கல."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

அம்பத்தூர் வந்தது. கேட்டவன் தன் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.