நாலு பாகம் நைலான்

— மறுபடியும் கயித்தத் தூக்கிட்டு வந்துட்டியா எல்லையம்மா? இதோட ரெண்டாவது தடவ. இது கடையா, உன் வூட்டுக் கொல்லையா?

— திட்டுங்க ஹபீபாக்கா, நல்லாத் திட்டுங்க. இந்த மஞ்சக் கயிறு வேணாம். வச்சுக்கிட்டு வேற குடுங்க.

— இதுக்கு என்ன கேடு? லாரியக் கட்டி இழுத்தாலும் அறுவாது.

— மிதக்குதுக்கா. தண்ணியில வுழுந்தா மேலயே நெளிஞ்சுக்கிட்டு கெடக்கு. நேத்து இன்ஜின் விசிறியில போயி சுத்திக்கிச்சு. எங்க வூட்டு ஆளு தண்ணிக்குள்ள முங்கி முங்கி அறுத்துட்டு, கரைக்கு வந்து என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிட்டாரு.

— மிதக்குற கயிறு மிதக்காம என்ன செய்யும்? அன்னைக்கே கேட்டேன், எதுக்குடின்னு. படகுக்குன்ன. படகுல ஒரு வேலையா இருக்கு? வலைக்குன்னா ஒரு கயிறு, நங்கூரத்துக்குன்னா ஒரு கயிறு, பாய்க்குன்னா ஒரு கயிறு. பொத்தாம்பொதுவா படகுக்குன்னா நான் என்னத்தக் கண்டேன்?

— அதுக்கு முன்னாடி ஒரு நீலம் குடுத்தீங்களே, அது மட்டும் என்ன வாழ்ந்துச்சு? வெயில்ல கெடந்து நார் நாராப் பிரிஞ்சு, கைய வச்சா முள்ளு முள்ளாக் குத்துது.

— யா அல்லாஹ்! அது நான் குடுத்ததா? நீ கை காட்டி எடுத்தது. கீழ்வேளூர்க்காரரு ஒருத்தரு அதக் கட்டுக் கட்டா வாங்கிட்டுப் போறதப் பாத்துட்டு, அவருக்குக் குடுத்ததையே எனக்கும் குடுங்கன்னு நின்ன. அவரு களத்துல கெடக்குற நெல்லு மேல தார்ப்பாய் கட்ட வாங்குனாரு. கொள்முதல்ல மூட்டை எடுக்குற வரைக்கும் தாங்குனா அவருக்குப் போதும். கடல் வெயிலுக்கு அது தாங்குமா?

— அதச் சொல்ல வேண்டியதுதானே?

— சொன்னேன். நீ மீன் கூடையத் தூக்கிக்கிட்டு பஸ்சு போயிரும்னு ஓடுன.

— சரி, விடுங்கக்கா.

— விட மாட்டேன். இன்னைக்கு எதுக்குன்னு சொன்னாத்தான் கத்தியக் கையில எடுப்பேன். ரெண்டு தடவ திருப்பி வாங்கிட்டேன், மூணாவது தடவ எனக்குப் பொறுமை கெடையாது. எதுக்கு?

— ஆளக் கட்டுறதுக்கு.

— என்னது?

— எங்க வூட்டு ஆள இடுப்புல கட்டுறதுக்கு.

— உத்திராபதியவா? ஏன்டி, உனக்கு என்ன புத்தி...

— கத்தாதீங்க. எதுத்தாப்புல டீக்கடையிலதான் நிக்கிறாரு. வலிப்பு வருதுக்கா அவருக்கு.

— எப்பலேருந்து?

— தை மாசத்துலேருந்து. நடுக்கடல்ல வந்து, அப்படியே தண்ணியில வுழுந்துட்டாரு. செழியன் படகு பக்கத்துல இருந்துச்சு, தூக்கிப் போட்டுக் கொண்டாந்தாங்க. இல்லன்னா அன்னைக்கே முடிஞ்சுருக்கும்.

— வெயில் மயக்கம்னுல்ல சொன்னாங்க?

— அப்படித்தான் சொல்லி வச்சோம். செழியன் கண்ணால பாத்துட்டானே, எத்தன நாளைக்கு மறைக்கிறது? இப்ப ஒருத்தனும் கூட வர மாட்டேங்குறான். இவரு கையில தொழில் கத்துக்கிட்ட ராஜ்குமாரு, மாமா நான் புள்ளகுட்டிக்காரன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டான். அப்பயாவது இந்த மனுசன் அடங்குறாரா? தனியாப் போறாருக்கா. நாகப்பட்டினத்து டாக்டரு தண்ணிப் பக்கமே போவாதன்னாரு. அந்தாளு கடலப் பாத்துருக்கானாங்குறாரு.

— அட பாவமே. இத மொதல்லயே சொல்லியிருந்தா அந்த ரெண்டு கயித்தையும் உன் கண்ணுலயே காட்டியிருக்க மாட்டேனே.

— எப்படிச் சொல்றது? நான் வர்றப்பல்லாம் கடையில நாலு பேரு நிக்கிறாங்க.

— சரி, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு.

— உக்கார வரல. மேல தொங்குதே வெள்ள, அத எடுங்க. அது நீளவே நீளாதுன்னு ஒரு தடவ சொன்னீங்க.

— அது பாய்மரத்துக்கு. பாய இழுத்துக் கட்டுனா வச்ச எடத்துல நிக்கணும், அதுக்கு நீளக் கூடாது. மனுசனுக்கு அது ஆவாது.

— நீளாம இருக்குறதுதானே நல்லது? கெட்டியா நிக்கும்.

— காது குடுத்துக் கேளு. ஆளு இந்தப் பக்கம் வுழுவுறான், படகு அந்தப் பக்கம் இழுக்குது. கயிறு கொஞ்சங்கூட நீண்டு குடுக்கலன்னா அந்த வெட்டு மொத்தமும் எங்க போவும்? அவன் வெலாவுக்குத்தான் போவும். எலும்பு ஒடிஞ்சா அப்புறம் காப்பாத்தி என்ன? உனக்கு நைலான்தான் வேணும். இந்தா, தொட்டுப் பாரு.

— வழவழன்னு இருக்கு.

— இருக்கும். இழுத்தா நீண்டு குடுக்கும், விட்டா பழையபடி வந்துரும். வெயிலுக்கு நீலம் மாதிரி பொடிப்பொடியாப் போவாது. தண்ணியில முங்கிரும், விசிறிக்கு மேல வந்து ஆட்டம் காட்டாது.

— முடிச்சு நிக்குமா? வழுக்குதே.

— நீ முடிச்சே போட வேணாம். நான் கயித்தோட புரிகளப் பிரிச்சு வளையமாப் பின்னித் தர்றேன். படகு விளிம்புல ஒரசுற எடத்துல மட்டும் பழைய சைக்கிள் டியூப்பச் சுத்திக்க. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசிப் போடு, உள்ள உப்பு தங்குனா கயித்தத் தின்னுரும்.

— இத மொதல் நாளே குடுத்துருக்கலாம்ல நீங்க?

— நல்லா வருது என் வாயில! நோன்பு நாளா இருந்தா இன்னைக்கு நோன்பே முறிஞ்சிருக்கும் உன்னால.

— என்ன பாயம்மா, என்னைய எந்தக் கயித்துல கட்டுறதுன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்களா?

— வா உத்திராபதி. டீ குடிச்சு முடிச்சுட்டியா? இப்பத்தான் சங்கதியச் சொன்னா.

— சொல்லிட்டாளா? ஏன் கடையோட நிறுத்துற, மைக்கு வச்சு ஆறுகாட்டுத்துறை பூரா சொல்லிட்டு வா.

— சொல்லுவேன். நீ இப்படியே இருந்தா அதையும் செய்வேன்.

— பாருங்க பாயம்மா. ஒரு காலத்துல நான் இவளுக்கு மஞ்சக் கயிறு கட்டுனேன். அதுக்குப் பழி வாங்க இவ ஒரு மஞ்சக் கயித்த எடுத்தாந்து என் இடுப்புல கட்டுறா. கரையில நிக்கிறவன் பூரா சிரிக்கிறான்.

— சிரிக்கட்டும். அவங்க வந்து எழவு கேக்குறதுக்கு இது தேவல.

— ஏற்கனவே இவளால என் மானம் போயிருச்சு பாயம்மா. பங்குனியில டீசல் கேனத் தூக்கிக் குடுக்குறேன்னு ஒரு காலப் படகுக்குள்ள வச்சுட்டா. பொம்பள கால் வச்ச படகுன்னு பஞ்சாயத்துல என்னைய நிக்க வச்சுக் கேட்டாங்க. மஞ்சத்தண்ணி தெளிச்சு, சூடம் காட்டி, அப்புறம்தான் தள்ள விட்டாங்க.

— தெளிச்சது நீதானே? நான் பாக்கப் பாக்க, நான் மிதிச்ச எடத்தக் கழுவி வுட்டியே. அது எனக்கு மறக்குமா?

— ஊர்க் கட்டுப்பாடுடி. நானா வச்சேன்?

— இங்க வந்து சண்ட போடாதீங்க ரெண்டு பேரும். உத்திராபதி, அவ சொல்றதக் கேட்டுத்தான் பாரேன். கயிறு கட்டுனா உனக்கு என்ன கொறஞ்சு போவுது?

— நான் சொல்றத யாராவது கேக்குறீங்களா? இந்த முனை என் இடுப்புல இருக்கு. சரி. மறுமுனை எங்க?

— படகு ரிங்குல.

— படகு கவுந்துச்சுன்னா? அதோட சேந்து நானும் அடியில போயி மாட்டிக்குவேன். கத்திய எடுத்துக் கயித்த அறுத்தாத்தான் மேல வர முடியும். வலிப்புல கெடக்குறவனுக்குக் கத்தி புடிக்க வெரலு மடங்குமா? பாயம்மா, நீங்களே சொல்லுங்க.

— அவன் சொல்றதும் சரியாத்தான் இருக்கு எல்லையம்மா.

— அப்ப ரிங்கு வேணாம். காலி கேன்ல கட்டுறேன்.

— கேன்ல கட்டு. நானும் கேனும் மிதந்துக்கிட்டுக் கெடப்போம், படகு இன்ஜினோட இலங்கைக்குப் போயிரும். எவன் வந்து எடுப்பான் என்னைய?

— அப்ப என்னதான்யா செய்யச் சொல்ற? ரிங்குங்குறேன், வேணாங்குற. கேனுங்குறேன், வேணாங்குற. நீ படகத் தள்ளிட்டுப் போறப்பல்லாம் நான் கரையில நிக்கிறேன். புள்ளி மாதிரி ஆயி மறையிற வரைக்கும் நிக்கிறேன். அப்புறம் கூடையத் தூக்கிக்கிட்டுத் தெருத் தெருவா சங்கரா, மத்தின்னு கூவுறேன், என் மனசு அங்க கெடக்கு. போன் அடிச்சா கூடைய எறக்கி வச்சுட்டுத்தான் எடுக்குறேன். மீன் இருக்கான்னு கேட்டு அடிச்சாலும் அப்படித்தான். உனக்கு என்ன? வலிப்பு வந்தா உனக்கு நெனப்பே இருக்காது. நெனச்சுக்கிட்டுச் சாவுறது நான்தானே?

— ஏய், அழுவாத. கடையில வச்சு...

— அழல. எரிச்சலா வருது.

— கரையில குந்துன்னு சொல்றியா? ரெண்டு மாசம் குந்திப் பாத்தேன்ல? மவன் ரஞ்சித்து சிங்கப்பூர்லேருந்து அனுப்புறதத் தின்னுக்கிட்டு, கிழிஞ்ச வலைக்குக் கண்ணி போட்டுக்கிட்டு. எல்லாப் படகும் போறதப் பாத்துக்கிட்டு கரையில குந்தியிருந்தா கிறுக்குப் புடிக்குது பாயம்மா. சோறு எறங்க மாட்டேங்குது.

— போவாதன்னு நான் சொன்னனா? அந்த ரெண்டு மாசம் உன் மூஞ்சியப் பாத்தவ நான். அதனாலதான் போவாதன்னு சொல்லாம, கயிறு தேடி அலையிறேன். அதுகூடவா புரியல உனக்கு?

— மாத்திர ஒழுங்காப் போடுறியா உத்திராபதி?

— போடுறேன் பாயம்மா.

— பொய்யி. கடலுக்குப் போற அன்னைக்குப் போட மாட்டாருக்கா. தூக்கம் சொக்குதாம்.

— சொக்குதே! தனி ஆளு கண்ண மூடிட்டா சுக்கானை யாரு புடிக்கிறது? படகு பாட்டுக்கு எல்லை தாண்டிப் போயி எவன்கிட்டயாவது மாட்டிக்கிட்டா? வெளையாட்டா பேசுறீங்களே.

— அப்ப மாத்திரைக்கும் ஆளு வேணும், கயித்துக்கும் ஆளு வேணும். மறுமுனையில ஒரு மனுசன் இருந்தாத்தான் இது நடக்கும். வுழுந்தா இழுக்கணும், கவுந்தா அறுத்து விடணும். எங்கடையில கயிறு இருக்கு, ஆளுக்கு நான் எங்க போவேன்?

— அதத்தான் பாயம்மா நான் தல தலயா அடிச்சுக்கிறேன். எவன் வர்றான்? செழியன் தம்பியக் கேட்டாச்சு. செந்தில்குமாரக் கேட்டாச்சு. என் தங்கச்சி மவனே மூஞ்சியத் திருப்பிக்கிறான். வா புள்ள, போவோம். அந்தக் கயித்தக் கீழ போடு.

— நைலான அறுங்கக்கா. நாலு பாகம்.

— ஏய், இவ்வளவு சொல்லியும்...

— நீ கம்முனு இரு. நாலு பாகம்க்கா. ரெண்டு கையும் விரிச்சா ஒரு பாகம், உங்க கைக்குப் பத்தாமப் போயிரும், அவரு கைய விரிச்சு அளக்கச் சொல்லுங்க.

— கூத்தப் பாத்தீங்களா? என்னையக் கட்டப் போற கயித்த நானே கை விரிச்சு அளக்கணுமாம்.

— நீட்டு உத்திராபதி. பாங்கு சொல்லப் போறாங்க, எனக்கும் தொழுவப் போவணும். மறுமுனைய எங்க மாட்டுறதுன்னு வூட்டுல போயி அடிச்சுக்கங்க.

— ஒண்ணு. ரெண்டு. மூணு. இந்தா, நாலு. போதுமாடி?

— போதும்.

— புரிகளத் தனித்தனியாப் பிரிச்சு, நுனியக் கொளுத்தி உருக்கிட்டேன், இனி நார் நாராப் போவாது. இப்படித் திரும்பு, இடுப்பக் காட்டு. சட்டைக்கு மேலயே அளக்குறேன். எளச்சுப் போயிட்டியேப்பா நீ.

— இவ சோறு போட்டாத்தானே.

— போட்டத நாய்க்கு வைக்கிறது யாரு?

— அல்லாவே, வாய மூடுங்க, புரி மாறிப் போயிரும் எனக்கு. ம். இந்தா, ஒரு வளையம் முடிஞ்சுது. மாட்டி இழுத்துப் பாரு.

— இரு. ம்... குத்தல. கொஞ்சம் குடுத்துத்தான் நிக்குது. நல்லாத்தான் இருக்கு பாயம்மா.

— அப்பாடா, ஒரு நல்ல வார்த்த வந்துருச்சு உன் வாயிலேருந்து. மறுமுனைக்குச் சின்ன வளையமாப் போட்டுறவா எல்லையம்மா? கொக்கி மாட்ட அது போதும்.

— இல்லக்கா, பெருசாப் போடுங்க. அவரு வளையத்தவிடப் பெருசா இருக்கணும்.

— இவன் இடுப்பவிடப் பெருசாவா? எதுக்குடி? யானையவா கட்டப் போற?

— கிறுக்கா புடிச்சிருக்கு உனக்கு? படகு ரிங்கு என் கட்டவெரல் தண்டிதான் இருக்கும். அதுக்கு எதுக்குடி இம்மாம் பெரிய வளையம்?

— ரிங்குக்குன்னு யாரு சொன்னா? முந்தானைய இழுத்துச் சொருகிட்டேன், என் இடுப்புல வச்சு அளங்கக்கா. நாளைக்கு அவரு மாத்திரையப் போட்டுக்கிட்டு ஏறட்டும், பின்னாடியே நானும் படகுல ஏறுறேன்.