தண்டவாளத்தைத் திருப்பிக் கேட்டால்

சண்டை நின்றிருந்த காலம். குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற நரைத்த தலைக்காரர் பேப்பரை விரித்தபடி பொருமினார்.

"கொழும்பு ஸ்டேசனைச் சுத்தி மேலாலை கம்பி இழுத்து, கரண்டிலை றெயில் விடப்போறாங்களாம். இஞ்சை ஓடுறதுக்குத் தண்டவாளமே இல்லை!"

பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கானோடு நின்ற பெண் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அண்ணை, இஞ்சையும் கம்பி இழுக்க வந்தால், தண்டவாளத்தைத் திருப்பிக் கேப்பாங்களோ?"

"ஏன், உம்மிட்டையோ கிடக்கு?"

"கொக்குவிலிலை, மகளின்ரை வளவிலை. இடம்பெயர்ந்து அங்கை இருக்கேக்கை பங்கர்க் குழிக்கு மேலை மூடிப் போட்டனாங்கள். ரெண்டு தண்டவாளம், எட்டுச் சிலிப்பர் கட்டை."

"அது நான் போட்ட பாதை! இருபது வருசம் அந்த லைனிலை வெயிலுக்கை நிண்டு வேலை செய்தனான். களவெடுக்க உமக்கு வெக்கமா இல்லையோ?"

"பொம்பர் வந்து குண்டு போடேக்கை உங்கடை றெயில் வந்து எங்களை ஏத்திக்கொண்டு போனதோ? அந்தக் கட்டையளுக்குக் கீழைதான் என்ரை பேத்தி பிறந்தவள்."

அவர் பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.

"இப்பதான் சண்டை இல்லையே. கிளறி எடுத்துக் குடுமன்."

"குடுக்கிறன். இனிச் சண்டை வராதெண்டு ஆராவது எழுதித் தரட்டும், அண்டைக்கே குடுக்கிறன். நீங்கள் எழுதித் தருவியளோ?"