பதினொன்றரை மட்டும்

புவியியல் அப்படியொன்றும் கஷ்டமான பாடமில்லை, ஐயா. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே சமவுயரக் கோடு விளங்கிவிட்டது. கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகிப் போனால் மென்சரிவு. என் மகன் துவாரகனுக்குத்தான் அது மண்டையில் ஏறவில்லை.

பல்கலைக்கழகம் போக எழுதும் உயர்தரச் சோதனையை மூன்று தடவைதான் எழுதலாம். முதல் தடவை புவியியலில் தவறினான். அது அவன் பிழை. இரண்டாம் தடவை நன்றாகப் படித்திருந்தான். சோதனைக்கு முதல் நாள் நிலாவெளியில் அவனுடைய பெரியப்பா செத்துப்போனார். அந்த மனிதருக்கு ஆண்பிள்ளை இல்லை. துவாரகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று என் கணவர் சின்னராசா ஒற்றைக்காலில் நின்றார். சோதனை அடுத்த வருடமும் வரும், அண்ணன் வருவாரோ என்று என்னைக் கேட்டார். மற்றப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் என் பிள்ளை சுடலையில் நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்ல?

அதனால் இந்தத் தடவை நானே புத்தகத்தைக் கையில் எடுத்தேன். குசினியில் புட்டு அவிக்கும்போதும் கேள்வி கேட்டேன். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வாசலில் நின்றால் துறைமுகம் தெரியும். அதைக் காட்டியே இயற்கைத் துறைமுகத்தைப் பாடமாக்க வைத்தேன். ஒரு வருடம் நாய்படாப் பாடு.

சோதனையன்று காலை ஆறு மணிக்கு என் கணவர் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை அசையவில்லை. பாரிசவாதம் என்று பார்த்தவுடன் தெரிந்தது, என் அம்மாவுக்கும் அப்படித்தான் வந்தது. அம்புலன்ஸுக்கு அடித்திருந்தால் உடனே வந்திருக்கும். மகனும் அதில் ஏறியிருப்பான். தகப்பனில் அவனுக்கு அவ்வளவு பாசம்.

தலைக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தினேன்.

"அம்மா, அப்பா என்னவோ சத்தம் போடுறார்," என்றான் சாப்பிடும்போது.

"நித்திரையில புலம்புறார். நீ தேசப்படத்தைப் பார்."

தகப்பனைப் பார்க்கப் போக எழும்பினான். தோளைப் பிடித்து இருத்தினேன். ஏழரைக்கு வெளிக்கிட்டான்.

சோதனை எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். இடையில் அம்புலன்ஸ் வந்தால் அயலில் யாராவது பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிடுவார்கள். ஆகவே பொறுத்திருந்தேன். இன்னும் கொஞ்ச நேரந்தானே என்று அவருக்கும் சொன்னேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் பொலிஸ்காரர் உங்களுக்கு எழுதித் தந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கேட்டது. பத்து மணி மட்டும் இடது கையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்தேன். பிறகு தட்டவில்லை. அதற்குப் பிறகும் நான் திறக்கவில்லை.

துவாரகன் சிரித்துக்கொண்டு வந்தான். தேசப்படக் கேள்வி முழுக்கச் சரியாம். அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் என்று அறைக்குள் போனான். காலையில் கேட்ட சத்தம் என்னவென்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. உங்களைக் கூட்டிவந்தவனும் அவன்தான். அன்றிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

கோபம், ஐயா. றிசல்ட் வரட்டும், கதைப்பான்.