மாடு கேட்கும் கிறிஸ்துமஸ் பாட்டு

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ். முன் சீட்டிலிருந்து கேட்டது: "எங்க மாடு கிறிஸ்துமஸ் பாட்டு பாடினாத்தான்டி பால் குடுக்கும்."

சொன்னவர் நெற்றியில் விபூதி. பக்கத்தில் புர்கா போட்ட தோழி. தாங்கள் படித்த கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போகிறார்கள். நாளைக்கு சேப்பலில் அந்தக் காலத்தில் இவர்கள் இருந்த பாடகர் குழுவே மறுபடியும் பாட வேண்டுமாம்.

"நீ பாட்டை மறந்திருப்பேன்னு பயந்தேன், செல்வி."

"தெனம் ரெண்டு வேளை பாடுறேன், எப்படி மறக்கும்? தனியாவே பாடிப் பழகிட்டேன் ஹபீபா. உன் குரலோட சேருமான்னுதான் எனக்குப் பயம்."

"நான் சமைக்கிறப்ப பாடுறதோட சரி. எங்க மாமியாருக்கே பாதி மனப்பாடம்."

செல்வியின் போன் அடித்தது. வீட்டுக்காரர் கத்தியது எனக்கே கேட்டது.

"செல்வி, மாடு பாலை எறக்க மாட்டேங்குது. நானும் பாடிப் பாத்துட்டேன், ஒதைக்குது!"

செல்வி பஸ்ஸுக்குள் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தார். "ஸ்பீக்கர்ல போட்டு மாட்டுக்கிட்ட வைங்க" என்றார். பிறகு போனை வாயருகே வைத்துக்கொண்டு மெதுவாகப் பாட ஆரம்பித்தார். இரண்டாவது வரியில் ஹபீபா மேல்குரலில் சேர்ந்துகொண்டார். இரண்டு குரலும் ஒன்றாகவே ஏறி இறங்கின. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்ததும் போனில் குரல் வந்தது. "கூடப் பாடினது யாரு?"

"ஏங்க, மாடு மிரண்டுருச்சா?"

"சொம்பு நெறைஞ்சு வழியுது. இனிமே தெனம் அவங்களையும் லைன்ல போடு!"